கேட்டுக்குள் போகாத சட்டை

எங்கள் வீட்டில் பருத்திச் சட்டை எதுவும் எனக்கு நிலைப்பதில்லை. நான்தான் எடுப்பேன், நான்தான் அளவு பார்ப்பேன், தீபாவளிக்கு ஒருமுறை போட்டுக்கொண்டு தெருவில் இரண்டு பேர் கண்ணில் படும்படி நடப்பேன். அடுத்த வாரம் அது என் மனைவியின் சேலைக்கு மேலே இருக்கும். கையை முழங்கை வரை மடித்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவள் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். கேட்டால், "நீங்க கடையில ஃபேனுக்குக் கீழதான நிக்கீக, உங்களுக்கு எதுக்குக் காட்டன்" என்பாள்.

அவளுக்கு வேலை எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில். பேக்கிங் பகுதியில் சூப்பர்வைசர். எனக்குச் சிவகாசியில் ஒரு ஜவுளிக்கடையில், சட்டைத் துணிப் பிரிவில் வேலை. பட்டாசு கம்பெனிக்குள் பருத்தி தவிர வேறு துணி போகக் கூடாது. நைலான், பாலியஸ்டர் வகையறா உராய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி கிளம்பும். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது விரலில் சுருக்கென்று கடிப்பதோடு முடிந்துவிடும். வெடிமருந்துப் பொடி இருக்கும் இடத்தில் அப்படி முடியாது. அதனால் காலையில் கம்பெனி கேட்டில் ஒரு அம்மாள் நின்றுகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருவரின் துணி நுனியையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். தீப்பெட்டி, செல்போன் ஏதாவது மறைத்திருக்கிறார்களா என்றும் தடவிப் பார்ப்பார்.

இதன் விளைவாக எங்கள் தெருவில் ஒரு விநோதம் உண்டு. வெயில் நூறைத் தாண்டும் சித்திரையிலும் பெண்கள் எல்லாம் புருசன்மாரின் பருத்திச் சட்டைகளில் காற்றோட்டமாகப் போய் வருவார்கள். ஆண்கள் பாலியஸ்டரில் வியர்த்து வழிந்துகொண்டு டீக்கடையில் நிற்போம்.

கடையில் நான் விற்கும் துணிகளுக்கு ஆயிரம் பெயர். பாப்ளின், கேம்ப்ரிக், ட்வில், லினன், ரேயான், டெரிகாட்டன். பக்கத்துக் கவுண்டரில் சேலை, சுடிதார் பார்க்கும் பாய் எனக்கு நெடுநாள் கூட்டாளி. அவரிடம் ஜார்ஜெட், ஷிபான், கிரேப் என்று இன்னொரு ஆயிரம். ஆனால் வாங்க வருகிறவர்கள் இந்தப் பெயர் எதையும் சொல்வதில்லை. "வழுவழுன்னு இருக்குமே அது", "மொறமொறன்னு நிக்குமே அது", "போன வருசம் எங்க மதினி எடுத்தது" என்றுதான் கேட்பார்கள். மதினி எடுத்தது என்ன என்பதைப் பாய் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். என் மனைவி உலகத்துத் துணிகளை இரண்டாகத்தான் பிரித்து வைத்திருந்தாள். கேட்டுக்குள் போகிற துணி, கேட்டுக்குள் போகாத துணி. இரண்டாம் வகையில்தான் அவளுடைய கல்யாணப் பட்டும் நானும் இருந்தோம்.

இரண்டு தீபாவளிக்கு முன்னால் அவளுடைய கம்பெனிக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். அவர் வந்ததும் பெண்கள் ஆளுக்கொரு நிறத்தில், ஆளுக்கொரு புருசனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்து முகம் சுளித்தார். ஒருத்தி முதுகில் ஒரு ரசிகர் மன்றத்தின் பெயரே அச்சடித்திருந்ததாம். இனிமேல் எல்லோருக்கும் கம்பெனியே ஒரே மாதிரி சட்டை கொடுக்கும், சுத்தமான பருத்தியில், நீல நிறத்தில், பை வைக்காமல் என்று அறிவித்தார். பை இருந்தால்தானே அதற்குள் எதையாவது போடுவார்கள் என்பது அவர் கணக்கு.

இதை என் மனைவி வீட்டில் வந்து சொன்னபோது எனக்குச் சொந்தச் சட்டைகள் திரும்பக் கிடைக்கப்போகின்றன என்பதுதான் முதலில் உறைத்தது. இரண்டாவதாகத்தான் எங்கள் கடைக்கு ஒரு நல்ல ஆர்டர் என்பது உறைத்தது. மறுநாள் அண்ணாச்சியிடம் சொன்னேன். அண்ணாச்சி என்றால் எங்கள் கடை முதலாளி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி தவிர அவரை வேறு உடையில் யாரும் பார்த்ததில்லை. "பொறந்ததுல இருந்து காட்டனைத் தவிர என் ஒடம்புல எதுவும் பட்டதில்ல" என்று வருகிற வாடிக்கையாளர் எல்லோரிடமும் சொல்வார். மேனேஜரிடமும் அதையே சொல்லி ஆர்டரை வாங்கிவிட்டார்.

தைத்து ரெடிமேடாகவே அனுப்புகிறோம் என்று ஈரோட்டு வியாபாரி ஒருவர் போனில் ஒத்துக்கொண்டார். பெரிய பெரிய பண்டல்களாக லாரியில் லோடு வந்து இறங்கியது. பிரித்தபோது எனக்கும் பாய்க்கும் மகிழ்ச்சி தாங்கவில்லை. நல்ல நீலம். மடிப்புக் கலையாமல், பளிச்சென்று, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கிடந்தன.

"எம்புட்டுத் தூரம் வந்துருக்கு, ஒரு கசங்கல் இருக்கா பாத்தியா" என்றார் அண்ணாச்சி.

உண்மையில் அங்கேயே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். லாரியில் அவ்வளவு தூரம் வந்த பருத்திச் சட்டை, அப்போதுதான் தூங்கி எழுந்தவன் முகம் மாதிரி அல்லவா இருக்க வேண்டும். ஆனால் ஆர்டர் கைக்கு வந்த மகிழ்ச்சியில் துணி கசங்காததைத் துணியின் நற்குணம் என்று எடுத்துக்கொண்டோம். கம்பெனிக்கு அனுப்புவதற்கு முன்னால் அளவு பார்க்க ஒன்றை மனைவியிடம் காட்டி வா என்று அண்ணாச்சி என் கையில் கொடுத்தனுப்பினார்.

புதுத் துணியைத் துவைக்காமல் உடுத்தும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவள் அதை வாளியில் முக்கி, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டு மிச்சத் துணிகளை அலசப் போனாள். திரும்பி வந்து அடுத்த துணியைக் கொடியில் போடும்போது சட்டை காய்ந்திருந்தது. வெயில்கூட இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே எடுத்து வந்து, சட்டைக் கையைத் தன் தலைமுடியில் பரபரவென்று தேய்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அச்சகத்துக் கழிவுக் காகிதத்துக்குப் பஞ்சம் கிடையாது. எதை வாங்கினாலும் அதில்தான் மடித்துத் தருவார்கள். அப்படி வந்த ஒரு வெடிப்பெட்டி லேபிளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து மேசையில் போட்டு, சட்டைக் கையை அதன் மேலே கொண்டுபோனாள். காகிதத் துணுக்குகள் எல்லாம் எழுந்து போய்ச் சட்டையில் ஒட்டிக்கொண்டன.

"இது காட்டனா?" என்றாள்.

நான் பண்டலின் மேலே காட்டன் என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன். ஒருவேளை புது ரகக் காட்டனாக இருக்கலாம் என்றும் சொன்னேன். அவள் சட்டையை என் கண்ணுக்கு முன்னால் உதறினாள். ஒரு துணுக்குகூட விழவில்லை.

அன்றைக்கு அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். முன்பு அவள் வேலை பார்த்த வேறொரு பட்டாசு கம்பெனியில் ஒரு அறை வெடித்துப் போய்விட்டது. அதைப் பற்றி அவளாகப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் எல்லோரும் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு எந்தத் திசை என்று பார்ப்போம். அவள் மட்டும் பார்க்கமாட்டாள், எழுந்துபோய்ச் செருப்பைத் தேடுவாள். கைகழுவிவிட்டு வந்து சொன்னாள்.

"உங்க கடை ஆர்டர், உங்க அண்ணாச்சி, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா இதைப் போட்டுட்டு அந்தப் பிள்ளைக பக்கத்துல நான் உக்கார மாட்டேன். நீங்க சொல்றீகளா, நான் வந்து சொல்லவா?"

நான் சொல்கிறேன் என்றேன். மறுநாள் சொல்லவும் செய்தேன். ஆனால் நான் சொன்ன விதம் சரியில்லை போலும். மனைவி இதைப் பாலியஸ்டரோ என்று சந்தேகப்படுகிறாள் என்று ஆரம்பித்து, நமக்கும் அப்படித் தோன்றவில்லைதான், இருந்தாலும் ஒருமுறை பார்ப்பது நல்லதோ என்று முடித்தேன். அண்ணாச்சி சிரித்தார். பட்டாசு கம்பெனியில் இருப்பவர்களுக்கு எதைப் பார்த்தாலும் பயம்தான் என்றார்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் எங்கள் கடைக்கு முன்னால் நின்றது. வழக்கமாக அது பஸ் ஸ்டாண்டுப் பக்கம்தான் போகும். என் மனைவி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். கடைப்பையன்கள் தீபாவளிக் கூட்டம் முன்கூட்டியே வந்துவிட்டது என்று நினைத்து ஓடிப்போய் ஜமுக்காளத்தை விரித்தார்கள்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக" என்றாள் என் மனைவி. "ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாத்துருவோம். காட்டன்னா காயிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாப் போகும். இல்லைன்னா உருகும். அம்புட்டுத்தான்."

இத்தனை பெண்களுக்கு முன்னால் அண்ணாச்சியால் மறுக்க முடியவில்லை. தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சட்டையிலிருந்து நூலை உருவச் சொன்னார். பாய் உருவினார். யாராவது தீப்பெட்டி கொடுங்கள் என்றார் அண்ணாச்சி.

யாரிடமும் இல்லை. பெண்கள் நேராகக் கம்பெனியிலிருந்து வந்தவர்கள், காலையில் கேட்டில் தடவிப் பார்த்து அனுப்பப்பட்டவர்கள். கடை ஆட்கள் நாங்கள் துணிக்கடையில் நிற்பவர்கள், தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது என்பது அண்ணாச்சியே போட்ட சட்டம். சாமி படத்துக்குக்கூட அவர் மின்சார விளக்குதான் மாட்டியிருந்தார். பஸ் டிரைவரிடம் கேட்டதற்கு, பட்டாசு கம்பெனி வண்டியில் தீப்பெட்டி தேடுகிறாயா என்று என்னைத்தான் திட்டினார். நாட்டுக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புகிற ஊரில், ஒரு குச்சிக்காக இத்தனை பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பக்கத்து டீக்கடையில் சிகரெட் பற்றவைக்க ஒரு லைட்டர் உண்டு. ஆனால் யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று அதைக் கயிற்றில் கட்டித் தூணில் தொங்கவிட்டிருந்தார்கள். கயிறும் குட்டையானது. ஆகவே லைட்டர் வராது, நாம்தான் போக வேண்டும். அண்ணாச்சி முன்னே நடக்க, நூலைப் பிடித்துக்கொண்டு பாய் பின்னே நடக்க, அதற்குப் பின்னால் சட்டை போட்ட பெண்கள் எல்லோரும் நடக்க, டீக்கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு ஷட்டரில் கையை வைத்தார். ஏதோ மறியல் என்று நினைத்துவிட்டார்.

அண்ணாச்சி குனிந்து லைட்டரைத் தட்டினார். பாய் நூலை நீட்டினார். நூல் சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு குண்டுமணி போல நின்றது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். பெண்கள் எல்லோரும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார்கள். அது அவரை அதிகம் கலக்கியிருக்க வேண்டும்.

"லைட்டர்ல கேஸ் இருக்குல்ல, அதான் இந்த நாத்தம். காட்டனும் இப்படித்தான் எரியும். இருங்க, என் சட்டையையே காட்டுறேன்" என்றவர், தன் வெள்ளைச் சட்டையின் கீழ் மடிப்பிலிருந்து ஒரு நூலைப் பிடுங்கி, தானே நெருப்பில் காட்டினார்.

அதுவும் உருகியது. அதே மாதிரி ஒரு கறுப்புக் குண்டுமணி. அதே நாற்றம்.

"பாத்தீகளா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது என்ன என்பது அதற்குப் பிறகுதான் அவர் காதில் விழுந்தது போல நிமிர்ந்தார். தன் சட்டையை மேலிருந்து கீழே ஒருமுறை தடவிப் பார்த்தார். பக்கத்தில் நிற்கிற வேறு யாருடைய சட்டையையோ தடவுவது போல இருந்தது. அந்தச் சட்டை எங்கள் கடையில் எடுத்தது. எடுத்துக் கொடுத்தது நான். பண்டலில் அதற்கும் காட்டன் என்றுதான் எழுதியிருந்தது. நான் டீக்கடைப் பலகாரக் கண்ணாடிக்குள் இருந்த வடைகளைக் கவனமாகப் பார்த்தேன்.

பாய்தான் காப்பாற்றினார். தன் கைலியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அண்ணாச்சியிடம் கொடுத்து, இதையும் ஒன்று பார்த்துவிடுங்கள் என்றார். அது காகிதம் போல எரிந்து, விரலில் தொட்டால் மாவாக உதிர்கிற சாம்பலாயிற்று. ஒரு பெண் அதை மோந்து பார்த்துவிட்டு, "இதுதான்" என்றாள். வந்தவர்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி டீ சொன்னார். அவர் மட்டும் குடிக்கவில்லை.

கடைக்குத் திரும்பியதும் ஈரோட்டு வியாபாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வியாபாரி கொஞ்சமும் அசையவில்லை. பண்டலின் பக்கவாட்டைப் பாருங்கள் என்றார். பார்த்தோம். பெரிய எழுத்தில் இருந்த காட்டனுக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி 'ஃபீல்' என்று இருந்தது. காட்டன் ஃபீல். தொட்டால் பருத்தி மாதிரி இருக்கும் என்றுதான் சொன்னோமே தவிர, பருத்தி என்று எப்போது சொன்னோம் என்று கேட்டார். ஆர்டரின் பேரில் தைத்ததைத் திரும்ப எடுப்பதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி கோபக்காரர், அன்றைக்கு யார்மேலாவது எரிந்துவிழுவார் என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம். அவர் என் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது உள்ள வந்துருந்தா?" என்று கேட்டார்.

"வந்துருக்காது அண்ணாச்சி. கேட்டுல பிடிச்சிருப்பாக" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "பிடிக்கலைன்னா தெரியாது" என்றாள்.

அவர் தலையாட்டினார். மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் பக்கம் பருத்தித் துணி வாங்கக் கிளம்பினார். புறப்படும்போது டீக்கடைக்குப் போய் அதே மாதிரி ஒரு லைட்டர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். போன இடத்தில் எல்லாம் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை, விலை கேட்பதில்லை, நேராக நூலை உருவி லைட்டரைத் தட்டிவிடுவார். ஒரு குடோனில், தானாக எரிந்துவிடக்கூடிய அளவுக்குப் பஞ்சு பறந்துகொண்டிருந்த இடத்தில், அவர் லைட்டரை எடுத்ததும் அங்கிருந்த நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து தெருவில் நிறுத்தினார்கள். நானும் பின்னாலேயே போய் நின்றேன். தெருவில் வைத்து நூலைக் கொளுத்திப் பார்த்தோம். நல்ல பருத்தி. அவர்களிடமே வாங்கினோம். சிவகாசித் தையல்காரர்களே தைத்தார்கள். சீசன் முடிவதற்குள் பெண்கள் எல்லோரும் நீலப் பருத்திச் சட்டையில் வேலைக்குப் போனார்கள். அது கசங்கியது, சுருங்கியது, ஒரு மழைநாளில் துவைத்துப் போட்டால் மறுநாளும் காயவில்லை. என் மனைவிக்குப் பரம திருப்தி.

மிச்சம் இருந்தது ஃபீல் சட்டைகள். கடை மாடியில் பண்டல் பண்டலாகக் கிடந்தன. வேட்டி எடுத்தால் ஒரு சட்டை இலவசம் என்று அண்ணாச்சி போர்டு வைத்தார். எங்கள் தெரு ஆண்கள் மட்டும் அந்த மாதம் எடுத்த வேட்டி, அவர்கள் ஆயுசுக்குப் போதும். கடை ஆள் என்பதால் எனக்கு வேட்டி இல்லாமலே ஒன்று கிடைத்தது.

தை மாதம் என் மனைவியின் அக்காள் மகளுக்குச் சாத்தூரில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர்ப் பக்கம். முகூர்த்தத்துக்குப் போக தெருவுக்கே ஒரு வேன் பேசியிருந்தோம். காலையில் நான் நீலச் சட்டையைப் போட்டேன். இஸ்திரி வேண்டாம், வேனில் நசுங்கினாலும் கசங்காது என்பதுதான் காரணம். வாசலுக்கு வந்தேன். எதிர் வீட்டுக்காரர் அதே சட்டையில் வந்தார். அடுத்த வீட்டுக்காரரும் வந்தார். வேனுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஐந்தாறு நீலம் நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ போய் மாற்று என்று ஒருவரும் சொல்லவில்லை, நான் போய் மாற்றுகிறேன் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. பட்டுச் சேலைகளில் வந்து ஏறிய பெண்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

மண்டபத்தில் மொய்க் கவரை வைக்கப் பை இல்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டுப் பந்தி பக்கம் எட்டிப் பார்த்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டினார்.

"தம்பி, அந்த வரிசைக்கு இன்னும் சாம்பாரே வரலீங்க. இத்தனை பேரு நிக்கறீங்க, கொஞ்சம் பாருங்க" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். பை இல்லாத, ஒரே மாதிரி நீலச் சட்டையில், கையில் மொய்க் கவருடன் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சுவரோரமாக வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். கேட்டரிங்காரர்களின் உண்மையான ஆட்கள் ஆளுக்கொரு டீ ஷர்ட்டில் இருந்தார்கள். பெண் வீட்டுக்காரன் நான், சம்பந்தி வீட்டுப் பெரியவரிடம் என்ன சொல்வது? கவரைப் பல்லில் கடித்துக்கொண்டு சாம்பார் வாளியை எடுத்தேன். எதிர் வீட்டுக்காரரிடம் யாரோ ரசம் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டு ரச வாளியை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தெரு ஆண்கள் மொத்தப் பேரும் பந்தியில் இறங்கிவிட்டோம். கேட்டரிங்காரர் தூணில் சாய்ந்துகொண்டு, ஆட்கள் எங்கிருந்து கிடைத்தார்கள் என்று தெரியாமல், சந்தோஷமாக வேடிக்கை பார்த்தார்.

இரண்டாம் வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள். நான் சாம்பாருடன் வருவதைப் பார்த்து அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இலையில் சோற்றுக்கு நடுவே அழகாகக் குழி பறித்து வைத்துக் காத்திருந்தாள். ஊற்றினேன்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள், யாரோ அந்நியரிடம் கேட்பது போல.

இல்லை என்றேன்.

"அப்ப அந்த அப்பளத்தை இங்கன ரெண்டு வச்சிட்டு, நீங்களும் வந்து உக்காருங்க" என்று தன் பக்கத்து நாற்காலியில் கிடந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பளக் கூடை வைத்திருந்தது அடுத்த வீட்டுக்காரர். அவரிடமிருந்து வாங்கி, அவளுக்கு இரண்டும் எனக்கு மூன்றும் வைத்துவிட்டு, வாளியை யார் கையிலோ கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். சாம்பார் நன்றாக இருந்தது.